ஷிப்ட் முடிந்து படிக்கும் பட்டம்: ஆன்லைன் உயர்கல்வியால் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் என்ன வரவு?

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “ஆன்லைன் உயர்கல்வியால் பொருளாதாரம் வளரும் என்று எங்கே பார்த்தாலும் பேசுகிறார்கள். தருமபுரி மாதிரி மாவட்டத்துக்கு அதனால் உண்மையிலேயே ஏதாவது வருமா, இல்லை வெறும் சான்றிதழ் வியாபாரம்தானா? என் தங்கை பிளஸ் டூ முடித்துவிட்டு ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறாள். ஆன்லைனில் பி.காம். சேரலாமா என்கிறாள்.”

பார்க்க இரண்டு கேள்வி மாதிரி இருந்தாலும் இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான். அதனால் தங்கையிலிருந்தே தொடங்குகிறேன். நான் இந்த இரண்டு மாவட்டத்திலும் பல வருஷம் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவள். ஓய்வு பெற்றபிறகு ஓசூரில் மகள் வீட்டோடு இருக்கிறேன். கம்பெனி வேலைக்குப் போகும் பெண்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு மாடிக்குப் படிக்க வருவார்கள். எல்லாரும் ஆன்லைனிலோ தொலைதூர முறையிலோ பட்டம் படிப்பவர்கள். சொல்லப்போவதில் பாதி அந்த மாடியில் பார்த்தது.

காலேஜுக்கு அனுப்ப எவ்வளவு ஆகும் என்று கேட்டால் வீட்டில் ஃபீஸ், பஸ், ஹாஸ்டல் என்று விரல் விட்டு எண்ணுவார்கள். அரசுக் கலைக் கல்லூரியில் கட்டணம் சொற்பம்தான். அப்படியிருந்தும் பிளஸ் டூ முடித்த பெண்ணை ஏன் சிப்காட் தொழிற்பேட்டைக்கு அனுப்புகிறார்கள்? படிக்கவைக்க மனசில்லாமல் இல்லை. மாதம் 15,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷம் கல்லூரியில் உட்கார்ந்தால் 36 மாதச் சம்பளம் போகும். அது 5,40,000 ரூபாய். அந்தப் பணத்தை நம்பித்தான் அக்கா கல்யாணக் கடன், அப்பாவின் மருந்து, தம்பியின் ஸ்கூல் எல்லாம் நிற்கிறது. பாடப்புத்தகத்தில் இதற்கு ‘வாய்ப்புச் செலவு’ என்று பெயர். நான் வருஷா வருஷம் நடத்திய பாடம்தான். ஆனாலும் வகுப்பில் இருந்த பிள்ளைகளை விட வகுப்புக்கே வராமல் போன பிள்ளைகளுக்குத்தான் அது நன்றாகத் தெரிந்திருந்தது என்று ரொம்ப நாள் கழித்தே எனக்கு உறைத்தது.

ஆன்லைன் படிப்பின் உண்மையான வரவு இங்கேதான் இருக்கிறது. ஃபீஸ் குறைவு என்பது சின்ன லாபம். சம்பளம் நிற்காமல் படிக்க முடிகிறது என்பதுதான் பெரிய லாபம்.

சரி, தமிழ்நாட்டில் கல்லூரிக்கா பஞ்சம் என்று கேட்கலாம். இல்லைதான். 2021-22ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பில் இந்தியா முழுதுக்கும் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 47. தேசியக் கல்விக் கொள்கை 2035க்குள் எட்டச் சொல்லும் 50 சதவீதத்தை நாம் தொடப்போகிறோம். ஆனால் அந்த விகிதம் 18 முதல் 23 வயது வரை உள்ளவர்களை வைத்துப் போடுவது. இருபத்தேழு வயதில் ஒரு குழந்தையோடு சூளகிரியில் இருக்கும் பெண் அதில் எங்குமே வரமாட்டாள். நம் இரண்டு மாவட்டத்திலும் அப்படிப்பட்டவர்கள் நிறைய. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்திலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி, 68.54 சதவீதம். கிருஷ்ணகிரி அதைவிடக் கொஞ்சம் மேலே, 71.46. மாநில சராசரியோ 80ஐத் தாண்டியிருந்தது. பெண்ணுக்குச் சீக்கிரம் கல்யாணம் முடிக்கும் வழக்கம் வேறு. படிப்பு ஒரு தடவை விட்டுப்போனால் திரும்பிவர வாசலே இல்லாத ஊர்கள் இவை. இன்னொரு காலேஜ் கட்டினால் அவர்கள் வந்துவிடப் போவதில்லை.

இதற்கு வெளிநாட்டில் நல்ல சான்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் என்ற பல்கலைக்கழகம் 2014இல் கணினி அறிவியல் முதுகலையை முழுக்க ஆன்லைனில் தொடங்கியது. மொத்தக் கட்டணம் ஏறக்குறைய 7,000 டாலர். நேரில் படித்தால் இதைப்போலப் பல மடங்கு. குட்மேன், மெல்கர்ஸ், பாலைஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் அந்தப் படிப்புக்கு விண்ணப்பித்தவர்களைப் பின்தொடர்ந்து பார்த்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். நேரடி வகுப்புக்கு விண்ணப்பித்தவர் சராசரியாக 24 வயது வெளிநாட்டு மாணவர். ஆன்லைனுக்கு விண்ணப்பித்தவரோ 34 வயது, வேலையில் இருக்கும் அமெரிக்கர். அப்புறம், நூலிழையில் இடம் கிடைக்காமல் போனவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தார்கள். பெரும்பாலும் வேறெங்கும் சேரவே இல்லை. ஆக ஆன்லைன் வகுப்பு கல்லூரியின் பிள்ளைகளைப் பறிக்கவில்லை, படிக்காமலே இருந்திருப்பவர்களைப் படிக்கவைத்தது.

இதற்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. 2017இல் பெட்டிங்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் அமெரிக்காவின் ஒரு பெரிய தனியார் பல்கலைக்கழகத்தில் ஒரே பாடத்தை நேரிலும் ஆன்லைனிலும் படித்தவர்களை ஒப்பிட்டார்கள். ஆசிரியரும் பாடத்திட்டமும் ஒரே மாதிரி. ஆன்லைனில் படித்தவர்களின் மதிப்பெண் குறைந்தது, பின்னாடி படிப்பைத் தொடர்ந்தவர்களும் குறைந்தார்கள். ஏற்கனவே சுமாராகப் படித்துவந்தவர்களுக்குத்தான் அடி அதிகம். இரண்டையும் சேர்த்துப் பார்த்து நான் சொல்வது இதுதான்: கல்லூரிக்குப் போக முடிந்த பையன் வீட்டில் இருந்தே படிக்கிறேன் என்றால் அது அவனுக்கும் நஷ்டம், ஊருக்கும் நஷ்டம். போகவே வழியில்லாதவர் ஆன்லைனில் சேர்ந்தால் மொத்தமும் லாபக் கணக்கு. காரிமங்கலத்தில் ஒரு தகப்பன் பதினேழு வயது மகளைப் பஸ்ஸில் அனுப்பப் பயந்துகொண்டு ஆன்லைனில் சேர்த்துவிட்டேன் என்று என்னிடம் பெருமையாகச் சொன்னபோது நான் சண்டையே போட்டேன். அந்தப் பெண்ணுக்குக் காலேஜும் வேண்டும், பஸ்ஸும் வேண்டும், கேன்டீனும் வேண்டும்.

இனி வளர்ச்சிக்கு வருவோம். படிப்பு எப்படிப் பொருளாதார வளர்ச்சியாக மாறுகிறது என்பதில் இரண்டு கட்சி உண்டு. 1960களில் கேரி பெக்கர் போன்றவர்கள் சொன்னது, கல்வி ஒரு மூலதனம் என்று. படித்தவர் கூடுதலாக உற்பத்தி செய்கிறார், அதனால் கூடுதலாகச் சம்பாதிக்கிறார். 1973இல் மைக்கேல் ஸ்பென்ஸ் வேறு மாதிரி சொன்னார். பட்டம் ஒரு அடையாளம். இவர் உழைப்பாளி, சொன்னதைச் செய்து முடிப்பவர் என்று முதலாளிக்குக் காட்டும் சீட்டு. அதற்குள் இருக்கும் பாடம் வேலைக்கு உதவவேண்டும் என்பதே இல்லை. 2001இல் அவர் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர்.

ஸ்பென்ஸ் சொல்வது முழு உண்மை என்றால் ஆன்லைன் படிப்பால் நாட்டுக்குக் காலணா வரவு கிடையாது. நேற்று வரை பிளஸ் டூ போதும் என்றிருந்த சூப்பர்வைசர் வேலைக்கு இன்று டிகிரி கேட்பார்கள். வேலை அதேதான், மெஷினும் அதேதான். வரிசையில் நிற்பவர்கள் கையில் ஆளுக்கொரு காகிதம் கூடியிருக்கும், அவ்வளவுதான். இது நடக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஓசூரில் நன்றாகவே நடக்கிறது.

ஆனால் மாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். பி.காம். முதல் வருஷம் படிக்கும் பெண், ஊர் பென்னாகரம் பக்கம். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வந்திருந்தாள். கணக்குப்பதிவியலில் ‘டிப்ரிசியேஷன்’ பாடத்தை வீடியோவில் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தும் புரியவில்லை என்று செல்போனை என் பக்கம் நீட்டினாள். ஆங்கிலத்தில் ஒருவர் வேகமாகப் பேசிக்கொண்டே போகிறார். வீடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

“உன் லைன்ல நிக்கிற மெஷின் எத்தன வருஷம் ஓடும்மா?”

“அஞ்சு வருஷத்துல மாத்திடுவாங்கன்னு சொல்றாங்க மேடம்.”

“வெல பத்து லட்சம்னு வெச்சுக்கோ. அஞ்சு வருஷம் கழிச்சு ஒண்ணுத்துக்கும் ஆகாதுன்னா வருஷத்துக்கு எவ்வளவு தேயுது?”

“ரெண்டு லட்சம்.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “அப்ப நாங்க லீவு விட்டாலும் அந்த ரெண்டு லட்சம் போய்க்கிட்டேதான் இருக்குமா மேடம்? அதான் மூணு ஷிப்ட் ஓட்றாங்களா?”

இருபது வயதில் கல்லூரி பெஞ்சில் உட்கார்ந்து அதே பாடத்தைப் படித்த எத்தனையோ பேருக்கு நான் மதிப்பெண் போட்டிருக்கிறேன். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. அவர்கள் மெஷினைப் பார்த்ததில்லை. இரண்டு மாதம் கழித்து அதே பெண் ரிஜெக்ட் ஆகும் பீஸின் செலவு எந்தக் கணக்கில் ஏறும் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். லைனில் எந்த இடத்தில் ரிஜெக்ஷன் கூடுகிறது என்று ஒரு நோட்டில் எழுதிவைக்கவும் ஆரம்பித்திருந்தாள். பெக்கர் சொன்னது இங்கே நடக்கிறது. வேலை செய்துகொண்டே படிப்பவருக்குப் பாடமும் பட்டறையும் ஒரே வாரத்தில் சந்தித்துக்கொள்கின்றன. பட்டம் கைக்கு வரும் முன்பே வேலையில் பலன் தெரிகிறது. நாட்டுக்கு வளர்ச்சி என்று சொன்னால் எனக்கு இப்போதெல்லாம் அந்த நோட்டுதான் ஞாபகம் வருகிறது.

ஓசூர் சிப்காட் 1970களில் வந்தது. டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் என்று வளர்ந்த ஊர். இப்போது டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஆயிரக்கணக்கில் பெண்கள், அந்தப் பக்கம் போச்சம்பள்ளியில் ஓலாவின் ஸ்கூட்டர் ஆலை. தொழில் இருக்கிறது, வேலை இருக்கிறது. குறை எங்கே என்றால், ஆபரேட்டராகச் சேர்ந்தவர் ஐந்து வருஷம் கழித்தும் ஆபரேட்டராகவே இருக்கிறார். தரக்கட்டுப்பாடு, ஸ்டோர்ஸ், கணக்கு, திட்டமிடல் என்று அடுத்த படியில் இருக்கும் வேலைகளுக்கு வெளியூரிலிருந்து ஆள் வருகிறார்கள். அந்த ஒரு படி ஏற்றத்துக்கு வேலையை விடாமல் படிக்கும் பட்டமும் டிப்ளமாவும் பொருத்தமான ஏணி.

கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ் ஆலைகளில் வேறு விதம். பெங்களூரா மாங்காய் வரத்து மே தொடங்கி ஜூலை வரை. அந்த மாதங்களில் ராத்திரி பகல் கிடையாது, மற்ற மாதங்களில் பாதிப் பேருக்கு வேலை கிடையாது. ஏற்றுமதிக் காகிதம், ஜிஎஸ்டி, சரக்கு இருப்பு எல்லாவற்றுக்கும் கணக்குத் தெரிந்த ஆள் வேண்டும் என்று தவிக்கும் சின்ன ஆலைகள் உண்டு. சும்மா இருக்கும் அந்த மாதங்களில் படித்துத் தேறலாம். ஒரே இடைஞ்சல், ஜனவரியில் சேர்ந்தாலும் ஜூலையில் சேர்ந்தாலும் ஒரு பருவத் தேர்வு மாங்காய் சீசன் தலையில்தான் வந்து விழும். பல்கலைக்கழகத்தில் நாட்காட்டி போடுகிறவருக்கு மாங்காய் தெரியாது.

ஒரு நெருடல் சொல்லவேண்டும். தருமபுரியிலிருந்து ஒருவர் டேட்டா சயின்ஸ் படித்து பெங்களூரில் வேலைக்குப் போனால் அவர் உழைப்பின் மதிப்பு கர்நாடகத்தின் உற்பத்திக் கணக்கில்தான் ஏறும். நமக்கு வருவது அவர் அனுப்பும் பணம். பாலக்கோட்டில் தளம் போட்ட வீடு, கொல்லையில் ஒரு போர்வெல், தம்பிக்கு ஃபீஸ். கட்டட வேலைக்குப் பெங்களூர் போன தலைமுறையும் இதைத்தான் செய்தது, தொகைதான் வேறு. அதற்காகப் படிக்கவேண்டாம் என்று சொல்ல முடியுமா? ஆனால் படிப்பு மட்டும் வந்து தொழில் வராவிட்டால் மாவட்டம் வளர்ந்ததாகக் கணக்கு எழுத முடியாது. ஓசூருக்கு இருக்கும் வாய்ப்பு அரூருக்கு இல்லை, அது ஆன்லைன் பட்டத்தால் தீரும் விஷயமும் இல்லை.

உங்கள் கேள்வியில் ‘சான்றிதழ் வியாபாரம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சந்தேகம் நியாயமானது. என் அண்ணன் மகன் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் மாடியில் இருந்த ஒரு ‘ஸ்டடி சென்டரில்’ பணம் கட்டினான். வேறு மாநிலப் பல்கலைக்கழகம், ஒரே வருஷத்தில் மூன்று வருஷப் பட்டம் என்றார்கள். மார்க்‌ஷீட் பளபளவென்று வந்தது. வேலையில் சேர்ந்து சரிபார்ப்புக்கு அனுப்பியபோது அப்படி ஒரு மாணவரே இல்லை என்று பதில் வந்தது. அடுத்த தடவை போய்ப் பார்த்தால் அந்த மாடியில் டெய்லர் கடை. குடும்பத்தில் ஒரு பொருளாதாரப் பேராசிரியை இருந்தும் இது நடந்தது, என்னிடம் யாரும் கேட்கவில்லை!

ஆகவே தங்கைக்குச் சொல்லுங்கள். யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவு எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் படிப்பை எந்தப் பருவத்தில் நடத்தலாம் என்று தன் இணையதளத்தில் பட்டியல் வெளியிடுகிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் போதாது, படிப்பின் பெயரும் அந்தப் பருவமும் இருக்கவேண்டும். 2024லிருந்து மாணவரே அந்தத் தளத்தில் பதிந்து ஒரு அடையாள எண் வாங்கினால்தான் சேர முடியும். “அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்” என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடலாம். இடைத்தரகு வைத்துச் சேர்க்கை நடத்த விதியில் இடமே இல்லை. முறைப்படி பெற்ற ஆன்லைன் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022இல் தெளிவாக்கிவிட்டது, அதனால் அந்தப் பயம் வேண்டாம். பொறியியல், மருத்துவம், நர்சிங், சட்டம், வேளாண்மை எல்லாம் ஆன்லைனில் கிடையாது. 2025இல் உளவியலும் ஊட்டச்சத்தும் அந்தத் தடைப் பட்டியலில் சேர்ந்தன. டிஎன்பிஎஸ்சி யோசனை இருந்தால் பத்தாவது, பிளஸ் டூ, அப்புறம் பட்டம் என்ற வரிசை உடையக்கூடாது. உங்கள் தங்கைக்கு அது சரியாகத்தான் இருக்கிறது.

பி.காம். தான் என்று இல்லை. கணக்கில் பிடிப்பு இருந்தால் சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் படிப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். ஜேஇஇ வேண்டாம். நாலு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வு எழுதினால் சேரலாம். குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணச் சலுகையும் உண்டு. எனக்கு அதில் பிடித்தது இரண்டு. பாடம் ஆன்லைன், தேர்வு மட்டும் மையத்துக்குப் போய் நேரில் எழுதவேண்டும். அதனால் சான்றிதழுக்கு மரியாதை இருக்கிறது. அடுத்தது, நடுவில் நிறுத்த நேர்ந்தாலும் அதுவரை முடித்ததற்கு ஒரு சான்றிதழோ டிப்ளமாவோ கையில் கிடைக்கும். நம் வீடுகளில் படிப்பு நடுவில் நிற்கும் காரணங்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

நிற்பதுதான் பெரிய சிக்கல். ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய இலவச ஆன்லைன் பாடங்களைப் பற்றி 2019இல் வந்த ஆய்வில், பதிவு செய்தவர்களில் பாதிக்கு மேல் பாடத்துக்குள் நுழையவே இல்லை. 2017-18இல் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர். பணம் கட்டிச் சேரும் பட்டப்படிப்பில் இவ்வளவு மோசம் இருக்காது, ஆனால் நோய் அதே நோய்தான். அஞ்செட்டி, சித்தேரி மலைப் பக்கம் சிக்னலும் ஒரு காரணம். ஓசூர் விடுதியில் சிக்னல் இருக்கிறது. இல்லாதது ஒரு மேஜை. ஒரு அறையில் ஆறு பேர், மூன்று ஷிப்ட். யாரோ ஒருவர் எப்போதும் தூங்கிக்கொண்டிருப்பார், அதனால் லைட் போட முடியாது. போர்வைக்குள் ஒரு காதில் இயர்போன், உள்ளங்கை அகலத் திரையில் வரவு செலவு அட்டவணை. எழுத்து தெரிய விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் வரவு தெரிகிறது, செலவு திரைக்கு வெளியே போய்விடுகிறது. இந்த நிலையில் முதல் பருவம் தாண்டுவதே சாதனை. இரண்டாவது பருவத்துக்குள் போனவர்களில் பெரும்பாலோர் முடித்துவிடுகிறார்கள் என்பது மாடியில் நான் பார்த்தது.

அரசு செய்யக்கூடியது இங்கே இருக்கிறது. புதுமைப்பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய். தொலைதூரப் படிப்புக்கு அது கிடையாது. போலிச் சேர்க்கை வந்துவிடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. அதற்காக வேலை செய்துகொண்டே படிப்பவளுக்கு ஒன்றுமே இல்லை என்பது சரியா? பணமாகக் கொடுக்கவேண்டாம். சிப்காட் பக்கத்தில் விளக்கும் மேஜையும் இணையமும் உள்ள ஒரு கூடம், ராத்திரி பதினொரு மணி வரை திறந்திருந்தால் போதும். வாரம் ஒரு நாள் பாடம் தெரிந்த ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்கட்டும்.

தங்கை பி.காம். சேரட்டும். ஜூலைப் பருவத்தில் சேர்ந்தால் கம்பெனியில் கெஞ்சியாவது முதல் மூன்று மாதம் ஒரே ஷிப்ட் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், இரவு ஷிப்டாக இருந்தாலும் பரவாயில்லை. நேரம் மாறிக்கொண்டே இருந்தால்தான் படிப்பு கெடும். ஓசூரில் எந்தப் பக்கம் தங்கியிருக்கிறாள்? பாகலூர் ரோடு பக்கம் என்றால் எங்கள் வீட்டுக்கு நடந்தே வரலாம். ஞாயிறு பத்து மணிக்கு ஆரம்பிப்போம். கால்குலேட்டர் மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள், செல்போனில் கணக்குப் போட நான் விடமாட்டேன்.